பருப்பும் கணக்கில் சேரும்: சைவச் சமையலும் கர்ப்பகாலச் சர்க்கரையும்

கர்ப்பகாலச் சர்க்கரை என்று உறுதியானதும் கையில் ஒரு உணவுத்தாள் கொடுப்பார்கள். "மாவுச்சத்தைக் குறையுங்கள், புரதத்தைக் கூட்டுங்கள்" என்று இருக்கும், கீழே மீன், கோழி, முட்டை என்று வரிசை போகும், கடைசியில் போனால் போகிறதென்று "சைவமானால் பருப்பு, பயறு" என்று ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் மிச்ச மாதங்களை நான் ஓட்ட வேண்டியிருந்தது. அந்த வரியில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. கோழியில் மாவுச்சத்து கிடையாது, பருப்பில் உண்டு. ஒரு கப் வெந்த மசூர் பருப்பில் 18 கிராம் புரதம் இருக்கிறது, சந்தோஷம். கூடவே 40 கிராம் மாவுச்சத்தும் இருக்கிறது. அதில் 15 கிராம் போல நார்ச்சத்து என்பதால் அது சர்க்கரையை ஏற்றாது, மிச்சம் ஏற்றும். கொண்டைக்கடலையும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஆக, சோற்றையும் வைத்து, புரதத்துக்கென்று பருப்பையும் தாராளமாக ஊற்றிக்கொண்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் மாவுச்சத்து வந்து சேர்கிறது, விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மீட்டரும் அதைத்தான் காட்டுகிறது.

நான் பிறந்ததிலிருந்து சைவம். முட்டை பழக்கமில்லை, பால், தயிர் உண்டு. கீழே சொல்வதெல்லாம் அந்த அடுக்களையிலிருந்து வருவது. முட்டை சாப்பிடுகிறவர்களுக்குப் பாதி வேலை மிச்சம், ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், மாவுச்சத்து இல்லையென்றே சொல்லலாம். பாலும் வேண்டாம் என்பவர்களுக்கு டோஃபுவும் சோயாவும்தான் பெரிய துணை. யாருக்கு எவ்வளவு என்பதை அவரவர் மருத்துவரோடும் உணவியல் நிபுணரோடும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் ஒரே தட்டுச் சாப்பாடு இரண்டு பேருக்கு இரண்டு ரீடிங் காட்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வியே "இனிப்பு நிறையச் சாப்பிட்டாயா?" என்பதுதான். இது இனிப்பு தின்று வரவழைத்துக்கொண்ட நோய் இல்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடம்பில் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகின்றன, குழந்தைக்குக் குளுக்கோஸ் தட்டுப்படாமல் போய்ச் சேர உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கிறது. பெரும்பாலானவர்களின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடுகிறது, சிலருக்கு அது போதாமல் போகிறது. கர்ப்பத்தின் பின்பாதியில் இந்த இன்சுலின் எதிர்ப்பு ஏறிக்கொண்டே போவதால்தான் 24-லிருந்து 28 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்துப் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153 (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் சர்க்கரை) என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2013-ல் ஏற்றுக்கொண்ட அளவுகோல், இவற்றில் ஒன்றை எட்டினாலே போதும். நாட்டுக்கு நாடு முறை கொஞ்சம் மாறும்.

தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும், தாயின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கிறது, குழந்தை தேவைக்கு மேல் கொழுத்து வளர்கிறது, பிறந்ததும் அதன் சர்க்கரை சட்டென்று இறங்கவும் செய்கிறது. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களிலேயே இதை விளக்கிவிட்டார். பயப்படுத்தச் சொல்லவில்லை. 2005-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் சுமார் 1000 பெண்களைப் பார்த்தார்கள். உணவு ஆலோசனை, வீட்டில் ரீடிங், தேவைப்பட்டால் இன்சுலின் என்று கவனித்துக்கொண்டவர்களின் குழந்தைகளுக்குக் கடுமையான சிக்கல்கள் 4 சதவீதத்திலிருந்து 1 சதவீதத்துக்கு இறங்கின. சமைத்து, அளந்து, குத்திப் பார்த்து, எழுதி வைக்கும் இந்தச் சலிப்பான வேலைக்குப் பலன் உண்டு என்று எனக்குத் தெம்பு கொடுத்தது அந்த எண்தான்.

எனக்குக் கொடுத்த இலக்கு பரவலாகக் கொடுப்பதுதான்: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140-க்குக் கீழே, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பவர்களுக்கு 120-க்குக் கீழே. சிலர் மீட்டரில் மில்லிமோல் கணக்கில் வரும், அங்கே இவை 5.3, 7.8, 6.7. ஒரு மணி நேரம் என்பதை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும், கை கழுவி எழுந்த நேரத்திலிருந்து இல்லை. சோதிக்கும் முன் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள், ஆரஞ்சு உரித்த விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து ரீடிங் தாறுமாறாக ஏறும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு.

சரி, கிளைசெமிக் குறியீடு. 1981-ல் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொண்டுவந்த கணக்கு இது. 50 கிராம் மாவுச்சத்து வருகிற அளவு ஒரு உணவைக் கொடுத்து, ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறதென்று பார்த்து, சுத்தக் குளுக்கோஸை 100 என்று வைத்து ஒப்பிடுவார்கள். 55-ம் அதற்குக் கீழும் குறைவு, 70-ம் அதற்கு மேலும் அதிகம். கொண்டைக்கடலை 28, பார்லி 28, மசூர் பருப்பு 32, பாஸ்தா 49, வெள்ளை அரிசி 73, அவித்த உருளைக்கிழங்கு 78 என்று அட்டவணை போகும். இதை வைத்துக்கொண்டு ஒரு மாதிரி திட்டம் போடலாம்தான், ஆனால் எனக்கு அட்டவணையோடு அவ்வளவு ஒத்துப்போகவில்லை. முழுக் கோதுமை ரொட்டி 74, வெள்ளை ரொட்டி 75 என்று பார்க்கும்போது "ப்ரவுன்" என்று எழுதி விற்பதற்கெல்லாம் மயங்கக் கூடாதென்று புரிகிறது, பழுப்பரிசியும் 68 பக்கம்தான். அதே சமயம் தர்பூசணி 76 என்று பயமுறுத்தும், ஆனால் ஒரு துண்டில் இருக்கும் மாவுச்சத்து ரொம்பக் குறைவு. குறியீடு எவ்வளவு வேகம் என்று சொல்கிறது, எவ்வளவு அளவு என்று சொல்வதில்லை. எனக்கு அளவுதான் பெரும்பாலும் தீர்ப்புச் சொன்னது. குறைந்த குறியீடு என்று நம்பிக் கொண்டைக்கடலையை இரண்டு கப் சாப்பிட்டால் அது குறைந்த குறியீட்டிலேயே நிறையச் சர்க்கரையை ஏற்றிவைக்கும்.

அப்படியானால் மாவுச்சத்தையே ஒதுக்கிவிடலாமே என்று தோன்றும். கூடாது. கர்ப்பத்தில் ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை, ரொம்பக் குறைத்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் உண்டாக்கும், அது குழந்தைக்கு நல்லதில்லை. பட்டினி கிடந்து நல்ல ரீடிங் வாங்குவது ஏமாற்று வேலை. நான் அந்த 175-ஐ இப்படிப் பிரித்தேன்: காலையில் 30, மதியம் 45, இரவு 45, நடுவில் மூன்று சிற்றுண்டிகளில் மிச்சம். வெந்த வெள்ளைச் சோறு ஒரு கப்பே 45 கிராம், அதாவது மதியக் கணக்கு மொத்தமும் அதிலேயே முடிந்துவிடும். அதனால் சோறு அரை கப், பருப்பு அரை கப், இரண்டும் சேர்ந்து ஒரு மாவுச்சத்துப் பங்கு என்று வைத்துக்கொண்டேன். தட்டின் கால் பகுதியில் சோறும் பருப்பும் சேர்ந்தே அடங்க வேண்டும், தனித்தனிக் கால் பகுதி கிடையாது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் மதிய ரீடிங் 140-க்குள் அடங்க ஆரம்பித்தது.

அப்புறம் புரதத்துக்கு எங்கே போவது? கர்ப்பத்தின் பின்பாதியில் நாளுக்கு 71 கிராம் போல வேண்டும் என்கிறார்கள், பருப்பை மட்டும் நம்பி அதை எட்டப் போனால் மாவுச்சத்து தலைக்கு மேல் போய்விடும். மாவுச்சத்து அதிகம் ஒட்டிக்கொண்டு வராத சைவப் புரதங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பனீர் 100 கிராமில் 18 கிராம் போலப் புரதம், மாவுச்சத்து சொற்பம். கெட்டி டோஃபு 100 கிராமில் 12-க்கு மேல். வடிகட்டிய கெட்டித் தயிர் 200 கிராமில் 20 கிராம் போல, சாதாரணத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டாலே வடியும் தண்ணீரோடு பால் சர்க்கரையில் ஒரு பகுதியும் போய்விடும். ஒரு கைப்பிடி பாதாம் 6 கிராம். இவற்றுக்கெல்லாம் மேலே சோயா மொச்சை, ஒரு கப் வெந்ததில் 28 கிராமுக்கு மேல் புரதம், மாவுச்சத்து 14 கிராம் மட்டும், அதிலும் பெரும்பகுதி நார்ச்சத்து. பயறு வகையிலேயே புரதம் மாவுச்சத்தைவிட இரண்டு மடங்கு இருப்பது இதில்தான். சுவை எல்லோருக்கும் பிடிக்காது, எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. இரவு ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, பூண்டும் மிளகும் எலுமிச்சைச் சாறும் போட்டுப் பிரட்டினால் சாப்பிட முடிகிறது.

டோஃபுவைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் நிறையப் பேர் ஒருமுறை சாப்பிட்டுவிட்டு "ரப்பர்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே போடக் கூடாது. ஒரு துணியில் சுற்றி மேலே கனமாக எதையாவது வைத்து அரை மணி நேரம் தண்ணீரைப் பிழிய வேண்டும், அப்புறம் துண்டு போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் துளி எண்ணெயும் தடவிச் சூடான வாணலியில் கிளறாமல் ஒரு பக்கம் பொன்னிறமாக விட்டுத் திருப்ப வேண்டும். குழம்பில் போடுவதானாலும் இப்படி வறுத்துக் கடைசியில் போடுங்கள். பனீருக்கு இந்த வம்பெல்லாம் இல்லை, ஆனால் காய்ச்சிய, பாஸ்சரைஸ் செய்த பாலில் ஆனதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கர்ப்பத்தில் பச்சைப் பாலில் செய்த எதுவும் வேண்டாம்.

காலைச் சாப்பாடுதான் பெரிய பிடிவாதக்காரர். விடியற்காலையில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறுவதால் இன்சுலின் அப்போதுதான் மிக மந்தமாக வேலை செய்கிறது, மதியம் சாதுவாக இருக்கும் அதே உணவு காலையில் ஆட்டம் காட்டும். ஓட்ஸ், பால், ஒரு வாழைப்பழம் என்று ஆரோக்கியத்துக்குப் பேர்போன கிண்ணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 40 கிராம் ஓட்ஸில் 27, ஒரு கப் பாலில் 12, நடுத்தர வாழைப்பழத்தில் 27, மொத்தம் 66 கிராம் மாவுச்சத்து, புரதமோ குறைச்சல். உடனடி ஓட்ஸ் என்றால் அதன் குறியீடே 79, தட்டையான சாதாரண ஓட்ஸ் 55. எனக்கு அந்தக் கிண்ணம் 170 பக்கம் கொண்டுபோய் விட்டது. ஓட்ஸைப் பாதியாக்கி, பாலுக்குப் பதில் கெட்டித் தயிர், பழத்துக்குப் பதில் நறுக்கிய வால்நட்டும் சியா விதையும் என்று மாற்றிய பிறகு 130-க்குள் நின்றது. ஆனாலும் காலையில் தானியமே இல்லாமல் சாப்பிட்ட நாட்கள்தான் நிம்மதியான நாட்கள்.

அந்த நாட்களில் இரண்டு உணவுகள் என்னைக் காப்பாற்றின. ஒன்று கடலை மாவு. 40 கிராம் மாவு, அதாவது அரை கப்புக்குக் கொஞ்சம் குறைவு, அதில் 23 கிராம் மாவுச்சத்து, 9 கிராம் புரதம். தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, இருபது நிமிடம் அப்படியே விட்டால் பச்சை வாடை போகும். நறுக்கிய கீரை ஒரு கை நிறைய, வெங்காயம், சீரகம், இஞ்சி, உப்பு போட்டுக் கல்லில் ஊற்றி, மூடி வைத்து மிதமான தீயில் இரண்டு பக்கமும் வேகவிட வேண்டும். மாவைவிடக் கீரை அதிகமாகத் தெரிய வேண்டும், அதுதான் பக்குவம். தொட்டுக்கொள்ள கெட்டித் தயிர். இன்னொன்று, உதிர்த்த டோஃபுவை மஞ்சள்தூள், மிளகு, குடைமிளகாய், காளானோடு வதக்கி, விதைகள் போட்ட ரொட்டி ஒரே ஒரு துண்டோடு சாப்பிடுவது. பனீரிலும் இதே மாதிரி செய்யலாம். பழம் காலையில் வேண்டாம், அதைப் பகல் சிற்றுண்டிக்குத் தள்ளிவிடுங்கள். பழச்சாறு எந்த நேரத்திலும் வேண்டாம், நாலு ஆரஞ்சை ஒரே மூச்சில் குடிப்பதற்கும் ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்பதற்கும் மீட்டரில் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் நீங்களே நிறுத்திவிடுவீர்கள்.

மதியமும் இரவும் அவ்வளவு கஷ்டமில்லை, வரிசைதான் முக்கியம். முதலில் காய், அடுத்து பனீரோ டோஃபுவோ தயிரோ, கடைசியில் சோறும் பருப்பும். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இப்படி வரிசை மாற்றிச் சாப்பிடவைத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்தது, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது சர்க்கரை ஏற்றம் நன்றாகக் குறைந்திருந்தது. சிறிய ஆய்வு, இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர்களிடம் செய்தது, கர்ப்பிணிகளிடம் இல்லை. ஆனால் செய்து பார்க்கக் காசா பணமா? பசி வயிற்றில் முதலில் வெள்ளரி, தக்காளி, முட்டைகோஸ் என்று எலுமிச்சை பிழிந்த சாலட்டை முடித்துவிட்டால் சோற்றைக் குறைப்பது தானாக நடக்கிறது. பச்சைக் காய்களை நன்றாகக் கழுவுங்கள், அவ்வளவுதான்.

சமைக்கும் பக்குவமும் ரீடிங்கை மாற்றும், இதை நான் எதிர்பார்க்கவில்லை. குழைந்த சோறு உதிரியான சோற்றைவிட வேகமாக ஏற்றுகிறது. கடைந்த பருப்பைவிட முழுசாக இருக்கும் பயறு மெதுவாகச் செரிக்கிறது. பாஸ்தாவைக் கொஞ்சம் கடிபடும்படி இறக்க வேண்டும். சோற்றையோ உருளைக்கிழங்கையோ வேகவைத்து ஆறவிட்டுக் குளிரூட்டினால் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறுகிறது, திரும்பச் சூடாக்கினாலும் அதில் ஓரளவு மிஞ்சும். ஆனால் சோற்றை வெளியில் மணிக்கணக்காக ஆறப்போடக் கூடாது, பேசிலஸ் செரியஸ் என்ற கிருமி வளரும், கர்ப்பத்தில் வயிற்றுக் கோளாறு வேறு வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது ஆவி பறக்கச் சூடாக்குங்கள். சோற்றில் பாதிக்குப் பார்லி கலப்பதும் எனக்குப் பிடித்துப்போன வழி, பார்லியை இரவே ஊறவைத்துத் தனியாக வேகவைத்து அப்புறம் கலக்க வேண்டும், இரண்டுக்கும் வேகும் நேரம் வேறு. துருவிய காலிஃபிளவரைச் சோறு மாதிரி சாப்பிடச் சொல்வார்கள், தனியாகச் சாப்பிட்டால் ஏமாற்றம்தான், அரை கப் சோற்றோடு கலந்தால் தட்டு நிறைந்த மாதிரி இருக்கும், கண்ணுக்காவது திருப்தி.

ஏழாம் மாதத்துக்கு மேல் அடுப்பு முன்னால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. அதனால் வார இறுதியில் கொண்டைக்கடலை, ராஜ்மா, சோயா எல்லாவற்றையும் ஊறவைத்து வேகவைத்து, அரை கப் அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் போட்டுவிடுவேன், உண்மையைச் சொன்னால் என் கணவர்தான் போடுவார். அளந்தே உறையவைத்துவிடுவதால் சாப்பிடும் நேரத்தில் கணக்குப் போட்டு மண்டை காய வேண்டாம். ராஜ்மாவை மட்டும் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் கொதிக்கக் கொதிக்க வேகவைத்த பிறகே தீயைக் குறைக்க வேண்டும், அரைவேக்காட்டு ராஜ்மாவில் வயிற்றைப் பிரட்டும் நச்சு உண்டு. முளைகட்டிய பயறு நல்லதென்று எல்லோரும் சொல்வார்கள், கர்ப்பத்தில் அதைப் பச்சையாகத் தின்னாதீர்கள், முளைக்கிற ஈரச் சூட்டில் சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகளும் சேர்ந்து வளரும், நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

சிற்றுண்டி என்பது ருசிக்காக இல்லை, அடுத்த வேளைக்குள் கொலைப் பசி வராமலிருக்கத்தான். பாதி ஆப்பிளும் ஒரு ஸ்பூன் வேர்க்கடலை வெண்ணெயும், மிளகு தூவிய பனீர்த் துண்டுகள், ஒரு கைப்பிடி பூசணி விதை, இப்படி. "சர்க்கரை சேர்க்காதது" என்று எழுதிய பிஸ்கட்டும் மாவுதான், பின்பக்கம் மொத்த மாவுச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். தேன், வெல்லம், பேரீச்சம்பழம் "இயற்கையானது, ஒன்றும் செய்யாது" என்று சொல்லி ஊட்டிவிட வருபவர்களிடம் சண்டை போடாமல் மீட்டரைக் காட்டினேன், என் அம்மாவே அதற்கப்புறம் நிறுத்திவிட்டார். செயற்கை இனிப்பூட்டிகளில் சாக்கரின் நஞ்சுக்கொடியைத் தாண்டும் என்பதால் தவிர்க்கச் சொல்கிறார்கள், மற்றவற்றை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இனிப்பு ஆசை தாங்க முடியாத நாளில் சாப்பாடு முடிந்த உடனே கருப்புச் சாக்லேட் ஒரு சின்னத் துண்டு, வெறும் வயிற்றில் இல்லை.

சைவத்தில் இரும்புச்சத்தும் வைட்டமின் பி12-ம் தனிக் கவலை. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேராது, எலுமிச்சையோ தக்காளியோ குடைமிளகாயோ கூட இருந்தால் சேரும், டீயும் காபியும் கூட இருந்தால் சேராது, அதனால் அவற்றைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒரே நேரத்தில் வேண்டாம். பி12 தாவர உணவில் நம்பும்படி கிடையாது, போதாக்குறைக்குச் சர்க்கரையைக் குறைக்கக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட நாள் எடுத்தால் பி12 இன்னும் குறையலாம், அந்த மாத்திரை எழுதிக்கொடுத்தால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சாப்பிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது. இதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை, செய்து பார்த்து ரீடிங்கைப் பாருங்கள். நடக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மட்டும் வேண்டாம்.

இவ்வளவும் செய்தும் வெறும் வயிற்று ரீடிங் எனக்கு இறங்கவில்லை. சாப்பிட்ட பிறகு வரும் எண்களைச் சமையலால் பிடித்து நிறுத்தலாம், ஆனால் இரவெல்லாம் கல்லீரல் தானாக வெளியிடும் சர்க்கரைக்குத் தட்டில் செய்யும் மாற்றம் ஓரளவுதான் உதவும். படுக்கும் முன் 15 கிராம் மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும், உதாரணமாக ஒரு கப் பாலும் சில பாதாமும், சிலருக்குக் கேட்கும். எனக்குக் கொஞ்சம் கேட்டது, போதவில்லை. இரவில் இன்சுலின் போட்டார்கள். ஊசி என்றதும் "சாப்பாட்டில் கட்டுப்பாடு இல்லை போல" என்று பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது, அதனால்தான் கர்ப்பத்தில் அதை விரும்பிக் கொடுக்கிறார்கள். ஊசி ஆரம்பித்த பிறகு ஒரு விஷயம் கவனம்: கை நடுங்கி வியர்த்து ரீடிங் 70-க்குக் கீழே போனால் அப்போது பாதாம், பனீர் எல்லாம் உதவாது, 15 கிராம் வேகச் சர்க்கரை வேண்டும், குளுக்கோஸ் மாத்திரையோ சிறு டம்ளர் பழச்சாறோ, பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதனை. பழச்சாறுக்கு வீட்டில் இடம் உண்டென்றால் அது இதற்கு மட்டும்தான்.

ரீடிங் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு, முந்தின இரவு தூக்கம் எப்படி என்றும் எழுதுங்கள். தூங்காத இரவுக்கு மறுநாள் காலை எண் ஏறும், சளி காய்ச்சலுக்கு ஏறும், குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் நன்றாகவே ஏறும். அதையெல்லாம் சமையலின் தலையில் போட்டுவிட்டு இருக்கிற சோற்றையும் குறைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு உணவை ஒருமுறை மட்டும் பார்த்து ஒதுக்கவும் வேண்டாம், இரண்டு மூன்று தடவை அதே அளவில் சாப்பிட்டுப் பார்த்தால்தான் அது உங்களுக்கு ஒத்துவருமா வராதா என்று தெரியும்.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இன்சுலின் எதிர்ப்பு மடமடவென்று இறங்கிவிடும், எனக்குப் பிரசவத்தன்றே ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் பிரசவம் முடிந்து 4-லிருந்து 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையை மறுபடி செய்யச் சொல்வார்கள், நிறையப் பேர் விட்டுவிடுவது இதைத்தான். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகைச் சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், எண் சரியாக வந்தாலும் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போய் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும், குழந்தை நடுவில் பாலுக்கு அழும், துணைக்கு யாரையாவது கூட்டிப் போங்கள், முடிந்ததும் சாப்பிட ஒரு டப்பாவில் பனீரும் ஒரு ரொட்டியும் பையில் இருக்கட்டும்.